“டெஸ்ட்” என்று சொன்ன டிரைவ்

உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு கிராஃப்ட் பேப்பர் மில். செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டரைக்கு அங்கிருந்து போன்.

“சார், போப் ரீல் டிரைவு டெஸ்ட் போட்டு நிக்குதுங்க.”

டெஸ்ட்டா? போப் ரீல் என்பது தயாரான பேப்பரைச் சுற்றும் இடம்; அதன் டி.சி மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டிதான் இந்த மென்டார் எம்.பி டிரைவ். அதில் ஆட்டோடியூன், அதாவது மோட்டாரை டிரைவே அளந்து தன்னைச் சரிசெய்துகொள்ளும் வசதி, உண்டு. டெஸ்ட் என்று தனியாக ஒன்றும் கிடையாது. யாரோ ஆட்டோடியூனைத் தட்டிவிட்டார்கள் என்று நினைத்து போனிலேயே அரை மணி நேரம் ஓட்டினேன். ஆட்டோடியூனுக்கான 5.12 எத்தனை காட்டுது, ஓட அனுமதிக்கும் எனேபிள் சிக்னல் வருதா, மோட்டாரின் ஃபீல்ட் கரன்ட் வருதா என்று கேள்வி மேல் கேள்வி. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கடைசியில் புத்தி வந்து, “டிஸ்பிளேல இருக்கற எழுத்தை ஒண்ணொண்ணா படிங்க” என்றேன்.

“டி, ஈ, எஸ், டி-ங்க சார்.”

முதல் எழுத்து எந்த ‘டி’ என்று கேட்டால், “டாக்குக்கு வர்ற டி-ங்க.” அட, டெஸ்டினேஷன், போய்ச் சேரும் இடம்! தமிழில் சொன்னால் இரண்டும் ஒரே உச்சரிப்பு. அரை மணி நேரம் போயே போச்சு.

டிரைவ் தானாக நின்று கோளாறு காட்டுவதுதான் டிரிப். இந்த டிரிப்பின் அர்த்தம் எளிது. டிரைவின் ஒவ்வொரு அமைப்புக்கும் மெனு எண், வரிசை எண் என்று 7.14 மாதிரி ஒரு பெயர் உண்டு, அதுதான் பாராமீட்டர். டிரைவுக்குள் அனலாக் இன்புட், பி.ஐ.டி (அளவைப் பார்த்துத் தானே திருத்தும் கன்ட்ரோலர்), லாஜிக் பிளாக் எல்லாவற்றுக்கும் ‘உன் வெளியீட்டை எந்தப் பாராமீட்டரில் எழுதுவது’ என்று ஒரு முகவரி கொடுப்போம். ஒரே முகவரியை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டால் யார் பேச்சைக் கேட்பது என்று டிரைவுக்குத் தெரியாது. அதனால் ஓட மறுத்துவிடும். மோட்டாரில் பழுது இல்லை, அதற்கு மின்சாரம் கொடுக்கும் தைரிஸ்டரிலும் பழுது இல்லை. இன்சுலேஷன் அளக்கும் மெக்கரை எடுத்து அலைய வேண்டிய வேலையே இல்லை.

கிளம்பிப் போய்ச் சேரும்போது மணி பதினொன்று. போனதும் செய்தது ஒன்றுதான். ஏதோ ஒரு மெனுவின் பூஜ்யமாவது பாராமீட்டரில் 12001 என்று போட்டேன். போட்டதும் மற்றதெல்லாம் மறைந்து, டெஸ்டினேஷன் பாராமீட்டர்கள் மட்டும் கண்ணுக்குத் தெரியும். இது தெரியாமல் நானே ஒரு காலத்தில் எல்லா மெனுவையும் ஒன்றொன்றாக உருட்டியிருக்கிறேன். ஒரு பேப்பரில் இரண்டு பத்தி போட்டு எழுதிக்கொண்டே போனேன். முதல் அனலாக் இன்புட்டின் முகவரியான 7.10-இல் 1.36. அது மெஷினை நடத்தும் கன்ட்ரோலரான பி.எல்.சி.யிலிருந்து வரும் வேக ரெஃபரன்ஸ், சரி. இரண்டாவது இன்புட்டின் 7.14-இல் 1.04. பி.ஐ.டி-யின் மெனு 14-க்கு வந்தால், அதன் முகவரியான 14.16-லும் 1.04. ஆள் சிக்கிவிட்டான்.

1.04 என்பது ரெஃபரன்ஸ் ஆஃப்செட். பி.எல்.சி சொல்லும் வேகத்தோடு கூட்டவோ குறைக்கவோ செய்யும் இடம். பேப்பரின் இழுவிசையை அளக்கும் லோட்செல்லை வைத்து டென்ஷன் பிடிக்கும் பி.ஐ.டி போன வருஷத்திலிருந்தே அங்கேதான் எழுதிக்கொண்டிருக்கிறது. 7.14 யார் வேலை?

ஷிப்ட் எலக்ட்ரீஷியன் தம்பி கொஞ்சம் தள்ளி நின்றார். நான் திட்டுவேன் என்று நினைத்திருப்பார் போல. “மெஷின்மேன் அண்ணன் கையில திருகி வேகத்தை மாத்தற மாதிரி ஒரு பாட் வேணும்னாருங்க. ஞாயித்துக்கிழமை ஷட்டவுன்ல ஒயர் இழுத்து, 7.14-ல 1.04 போட்டேங்க. அன்னிக்கு ஒண்ணுமே ஆகலைங்க சார். பாட்டைத் திருகினாலும் வேகம் மாறலைங்க. சரி, அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்.”

அன்றைக்கு ஒன்றும் ஆகாததற்குக் காரணம் உண்டு. டெஸ்டினேஷனை மாற்றினால் உடனே அமலுக்கு வராது. டிரைவை ரீசெட் செய்யும்போதுதான் வரும். திங்கட்கிழமை காலை வேறு எதற்கோ டிரிப் ஆகி, ஆபரேட்டர் சிவப்பு பட்டனை அழுத்தியிருக்கிறார். அந்த நொடியில் இரண்டு முகவரியும் மோதி, டெஸ்ட். பேனல் பவரை ஆஃப் செய்து போட்டதும் சரியாகிவிட்டதாம். ஆகத்தான் செய்யும். தம்பி சேவ் பண்ணவில்லை. பவர் போனதும் 7.14 பழையபடி ஆகிவிட்டது. ‘ஆஃப் பண்ணிப் போட்டா சரியாயிடும்’ என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் தம்பி பார்க்கிறார்: தான் போட்டது காணோம். மறுபடி போட்டு, இந்த முறை ஒழுங்காக சேவ் பண்ணி ரீசெட்டும் அடித்திருக்கிறார். அதன் பிறகு எத்தனை முறை ஆஃப் பண்ணிப் போட்டும் போகவில்லை. அப்போதுதான் எனக்கு போன் வந்திருக்கிறது.

மெஷின் நின்றால் மில்லில் ஒவ்வொரு நிமிஷமும் மேனேஜர் முகத்தில் தெரியும். அதனால் டிரைவில் இருக்கிற பாராமீட்டரை அப்படியே ஸ்மார்ட்கார்டில் (டிரைவில் செருகும் மெமரி கார்டு) ஒரு காப்பி எடுத்துவிட்டு, 7.14-ஐ பூஜ்யம் ஆக்கி, சேவ், ரீசெட். டிரிப் போனது. பன்னிரண்டு மணிக்குப் பேப்பர் ரீலுக்கு ஏறியது. போனிலேயே முடித்திருக்கலாம், அந்த முதல் எழுத்தைச் சரியாகக் கேட்டிருந்தால்.

ஆனால் மெஷின்மேன் விடவில்லை. அவருக்குப் பாட் வேண்டும், லோட்செல்லும் வேண்டும். நியாயம்தான். இரண்டையும் கூட்டி ஒரே இடத்துக்கு அனுப்ப மெனு 12-இல் வேரியபிள் செலக்டர் என்ற பிளாக் இருக்கிறது. அடுத்த ஞாயிறு ஷட்டவுனில் அதைப் போட்டேன். 14.16-ஐ வேறு யாரும் பயன்படுத்தாத ஒரு பாராமீட்டருக்குத் திருப்பிவிட்டு (பூஜ்யமாக்கினால் பி.ஐ.டி-யே வேலை செய்யாது), 12.08-இல் 7.02, அதாவது பாட்டின் மதிப்பு, 12.09-இல் 14.01, பி.ஐ.டி வெளியீடு, 12.10-இல் 2, கூட்டல், 12.11-இல் 1.04. இப்போது 1.04-க்கு எழுதுவது ஒரே ஆள். 12001 போட்டு மறுபடி சரிபார்த்தேன், 1.04 ஒரே இடத்தில்தான் இருந்தது.

இதைச் செய்யும்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. தம்பி 7.14-இல் முகவரி கொடுத்தாரே தவிர, 7.12-இல் ஸ்கேலை, அதாவது பாட்டின் மதிப்பைப் பெருக்கும் எண்ணை, தொடவில்லை. அது 1.000-இல் அப்படியே இருந்தது. லோட்செல் அங்கே இல்லாமல், மோதலும் வராமல் போயிருந்தால், பாட்டை முழுசாகத் திருகிய நிமிஷம் டிரைவ் தன் உச்ச வேகத்தையே ரெஃபரன்ஸோடு கூட்டப் பார்த்திருக்கும். பேப்பர் கிழிவதோடு போயிருந்தால் அதிர்ஷ்டம். அந்த எரிச்சலூட்டும் டிரிப்தான் காப்பாற்றியது. பாட்டுக்கு, செலக்டரின் ஸ்கேலான 12.13-இல் 0.050 போட்டேன். முழுக்கத் திருகினாலும் உச்ச வேகத்தில் ஐந்து சதவீதம்தான். பி.ஐ.டி-க்கும் 14.13, 14.14-இல் மேலும் கீழும் எல்லை வைத்தேன்.

ஒரு எச்சரிக்கை: டிரைவ் பார்ப்பது தன் மெனுவுக்குள் இருக்கிற முகவரிகளை மட்டும்தான். பி.எல்.சி கம்யூனிகேஷன் வழியாக அதே 1.04-இல் எழுதினால் இந்த டிரிப் வருமென்று நம்பியிருக்க வேண்டாம். பி.எல்.சி புரோகிராமைத் தனியாகத் திறந்துதான் பார்க்க வேண்டும். அன்று திறந்து பார்த்தேன், அப்படி எதுவும் இல்லை.

அந்த இரண்டு பத்திப் பேப்பரைப் பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டச் சொன்னேன். தம்பி லேமினேட் செய்தே ஒட்டிவிட்டார். மெஷின்மேன் அண்ணன்தான் இன்னும் திருப்தியாகவில்லை. போன வாரமும் கேட்டார்: “பாட்டைத் திருகினா ஒண்ணும் தெரிய மாட்டேங்குதுங்க சார், இன்னுங்கொஞ்சம் சேத்திக் குடுங்க.”

கொடுக்கவில்லை.