போ (நாய்)

பிரபலமான செல்லப்பிராணிகளைப் பற்றிக் கலைக்களஞ்சியத்தில் கட்டுரை எழுத உட்கார்ந்தால், எழுதுவதைவிடத் தலைப்பு வைப்பதுதான் பெரிய பாடாக இருக்கிறது. இறந்துபோன எஜமானருக்காக ரயில் நிலையத்தில் காத்திருந்த ஜப்பானிய நாய் ஹச்சிகோ சிக்கலே இல்லை. அந்தப் பெயரில் உலகத்துக்கே தெரிந்தது அந்த ஒரு நாய்தான், அப்படியே வைத்துவிடலாம். ஆனால் 2009-இல் ஒபாமா வீட்டுக்கு வந்த நாயின் பெயர் போ. தமிழில் வெறும் 'போ' என்று தலைப்பிட்டால் படிக்க வந்தவரை விரட்டுவது போலிருக்கும், சரி, அடைப்புக்குறியில் விளக்கம் சேர்க்கலாமென்று 'போ (நாய்)' என்று எழுதினால் அது இன்னும் மோசம்!

'ஒபாமாவின் நாய்' என்று வைக்கலாமே என்பார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. அதற்கென்று ஒரு பெயர் இருக்கும்போது ஏன் உரிமையாளர் பெயரில் ஒளித்துவைக்க வேண்டும்? அதோடு லாரி பூனையை யார் கணக்கில் எழுதுவது? 2011 முதல் பிரிட்டன் பிரதமரின் இல்லமிருக்கும் டவுனிங் தெருவில் பிரதமர்கள்தான் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், பூனை அங்கேயேதான் இருக்கிறது. 'லாரி' என்று மட்டும் விட்டால் நம் ஆட்கள் சரக்கு வண்டியைத் தேடி வருவார்கள் என்பதால் 'லாரி (பூனை)' தேவைதான்.

அப்புறம் சிடுசிடுத்த முகத்தால் இணையத்தில் புகழ்பெற்ற பூனை, கிரம்பி கேட். வீட்டில் வைத்த பெயர் டார்டர் சாஸ், ஆனால் அப்படி யார் தேடப்போகிறார்கள்? ஊரறிந்த பெயரையே தலைப்பாக்கி, வீட்டுப் பெயரை முதல் வரியில் சொல்லிவிடுவேன். போவுக்கு மட்டும் 'போ (ஒபாமாவின் நாய்)' என்று அரைமனதாக இறங்கி வந்திருக்கிறேன்.