ரீஹாப் கவுன்சலிங் படிக்க இடம் தேடிய கதை

எனக்கு இரண்டு காதிலும் மெஷின். அமெரிக்கா வந்த புதிதில் வேலை கிடைக்காமல் அலைந்தபோது கைகொடுத்தவர், மாற்றுத்திறனாளிகள் வேலை தேட உதவும் மாநில வி.ஆர். அலுவலகத்துக் கவுன்சலர்தான். அந்த வேலைக்கான ரீஹாப் கவுன்சலிங்கையே படிப்போம் என்று நாற்பது வயதில் கிளம்பினேன்.

எடுத்த எடுப்பிலேயே சறுக்கல். 'அங்கீகாரம் பெற்றது' என்று போட்டிருந்த ஓரிடத்துக்கு விண்ணப்பக் கட்டணம் கட்டிவிட்டேன். அங்கீகாரம் பல்கலைக்கழகத்துக்கு; அந்த முதுகலைப் படிப்புக்குக் கேக்ரெப் (கவுன்சலிங் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு) அங்கீகாரம் கிடையாது. முன்பு ரீஹாப் கவுன்சலிங் படிப்புக்கு அங்கீகாரம் தர கோர் என்ற தனி அமைப்பு இருந்தது, 2017இல் கேக்ரெப்போடு இணைந்துவிட்டது. கேக்ரெப் இருந்தால் சிஆர்சி (ரீஹாப் கவுன்சலர் சான்றிதழ்) தேர்வுக்கு வழி நேர். இல்லையென்றால் சுற்றுவழி. கட்டிய பணம் போனதுதான்.

அடுத்தது ஆர்எஸ்ஏ என்ற மத்திய அரசு அமைப்பின் உதவித்தொகை. அரசு மானியம் கல்லூரியில் உள்ள துறைக்குத்தான் வரும், அது உள்ள கல்லூரியில்தான் நாம் கேட்க முடியும். குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். ஒரு வருடம் வாங்கினால் இரண்டு வருடம் மாநில வி.ஆர். அலுவலகத்திலோ அது சார்ந்த அமைப்பிலோ வேலை பார்க்க வேண்டும். தவறினால் திருப்பிக் கட்ட வேண்டும். எனக்கு அது நிபந்தனையாகவே படவில்லை. தனியாக கிளினிக் போடும் எண்ணமுள்ளவர்கள் கையெழுத்துக்கு முன் யோசியுங்கள்.

படிப்போடு களப்பயிற்சியும் உண்டு: முதலில் பிராக்டிகம் 100 மணி நேரம், பிறகு இன்டர்ன்ஷிப் 600. அதற்கு இடம் யார் பிடித்துத் தருவது என்று எல்லா இடத்திலும் கேட்டேன். 'மாணவர்களே பார்த்துக்கொள்வார்கள்' என்ற இடங்களைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

மிஞ்சியது இரண்டு. இரண்டுமே ஆன்லைனில் அறிமுகக் கூட்டம் வைத்தன. பேச்சைத் திரையில் எழுத்தாகக் காட்டும் கேப்ஷன் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதியிருந்தேன். முதல் இடத்தில் தானியங்கி கேப்ஷன். பேராசிரியர் 'வி.ஆர்.' என்று சொன்னபோதெல்லாம் திரையில் 'நாங்கள்' என்று பொருள்படும் 'வீ ஆர்' ஓடியது. கேட்டதற்கு, 'சேர்ந்த பிறகு மாற்றுத்திறனாளிகள் அலுவலகத்தில் சொல்லுங்கள்' என்றார்கள். சொல்லித் தருவதே இந்தப் பாடம்தானே ஐயா!

இரண்டாவது இடத்தில் எது வசதி என்று கேட்டு மறுநாளே மெயில் வந்தது. கூட்டத்தில் ஓர் அம்மாள் உட்கார்ந்து பேசப் பேச கேப்ஷனைத் தட்டச்சு செய்துகொண்டே இருந்தார். பேராசிரியர் வேகமாகப் பேசிவிட்டு, எழுத்து வந்து சேரும்வரை நிறுத்திக் காத்திருந்தார். கட்டணம் கொஞ்சம் கூடுதல்தான், ஆனாலும் அங்கேயே சேர்ந்தேன்.

உதவித்தொகை இடங்கள் அதற்குள் தீர்ந்துபோயிருந்தன. முதல் பருவத்துக்குச் சேமிப்பில் கைவைத்தேன். இரண்டாம் பருவத்தில்தான் கிடைத்தது.