பின் ஜன்னலில் ஒரு நீலக்கோடு

மூன்று வருஷமாகப் பின்னால் வரும் வண்டிகளைக் குத்துமதிப்பாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னுடையது மடக்குக் கூரை வைத்த கார், முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5. 1998இல் அடுத்த தலைமுறைக்குப் பின்பக்கம் கண்ணாடியே வைத்துவிட்டார்கள். என் வண்டிக்கு பிளாஸ்டிக்தான். பிவிசி, அதாவது வினைல் தாள். உள்ளே கலந்திருக்கும் மென்மையாக்கி இருக்கும்வரை வளைந்துகொடுக்கும். வெயிலில் கிடந்து கிடந்து அது போய்விட்டால் தாள் மஞ்சளடித்துச் சருகாகிவிடும்.

பாலிஷ் போட்டுத் தேய்த்தேன். கீறல் குறைந்தது, மஞ்சள் குறையவில்லை. அது மேலே படிந்த அழுக்கா என்ன, தேய்த்ததும் போக?

இந்த வண்டியில் கூரையை மடிக்கும் முன் பின் ஜன்னலின் ஜிப்பைத் திறந்து, ஜன்னலைத் தட்டையாகப் படுக்கவைக்க வேண்டும். குளிரான ஒரு காலையில் சோம்பல்பட்டு அப்படியே மடித்தேன். டப்பென்று ஒரு சத்தம். ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்துவிட்டது.

கூரை நன்றாக இருந்ததால் முழுசாக மாற்ற மனசு வரவில்லை. 1 மி.மீ. கனத்தில் ஒளி ஊடுருவும் வினைல் தாள், மெழுகிட்ட பாலியெஸ்டர் நூல், தோல் தைக்கும் ஊசி, குத்தூசி எல்லாம் வாங்கிவைத்தேன். தாள் சுருளாகத்தான் வரும். அரைநாள் வெயிலில் விரித்துப்போட்டால் சுருள் விட்டுவிடும்.

சீட்டுக்குப் பின்னால் கூரையின் கீழ்விளிம்பை அழுத்திப் பிடிக்கும் இரும்புப் பட்டைகளை 10ஆம் நம்பர் ஸ்பேனரால் கழற்றினேன். போனஸாக, தண்ணீர் வடியும் துளை ஒன்றில் இலை மக்கி அடைத்திருந்ததும் கிடைத்தது. கார்ப்பெட் ஏன் எப்போதும் நமுத்தே இருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது.

பழைய தாளை வெட்டி எறியாமல் தையலை மட்டும் பிரித்தேன். அதுதானே அளவு! புதுத் தாளின் மேல் அதை வைத்து, பால்பாயிண்ட் பேனாவால் சுற்றி வரைந்தேன். இடப்பக்கம் பாதுகாப்புப் படலம் ஏற்கெனவே உரிந்திருந்ததை கவனிக்கவில்லை. வினைல் மையைக் குடித்துவிடும். துடைத்தால் போகாது, சோப்புக்கும் அசையாது. மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் மேல் வரைந்திருக்க வேண்டும். செய்தித்தாளின் மேல் விரித்தாலும் இதே கதைதான், எழுத்து அப்படியே ஏறிவிடும்.

தையல்தான் உண்மையான வேலை. பழைய தையல் ஓட்டைகளிலேயே ஊசி போக வேண்டும். இடையில் புதிதாகக் குத்தினால் ஓரம் முழுக்கத் தபால்தலை மாதிரி துளையாகி, பின்னால் அங்கேயே கிழியும். இரட்டைப்பக்க டேப்பால் தாளை இடத்தில் நிறுத்தி, ஒவ்வோர் ஓட்டையாகக் குத்தூசியால் திறந்து, நான் மேலிருந்து ஊசியைக் கொடுக்க, உள்ளே குனிந்து உட்கார்ந்த மச்சான் அதை வாங்கி அடுத்த ஓட்டை வழியாகத் திருப்பி அனுப்பினான். ஒரு சுற்று முடிந்ததும் விட்ட இடைவெளிகளை நிரப்பிக்கொண்டே எதிர்த்திசையில் இன்னொரு சுற்று.

“மாமா, இன்னும் எவ்வளவு இருக்கு?”

“எண்ணாதடா, ஊசியக் குடு.”

முதல் நாள் மேல்விளிம்பு மட்டும்தான் முடிந்தது. மறுநாள் காலைக் குளிரில் ஆரம்பித்தது தப்பு. மதிய வெயிலில் தாள் விரிந்து, தைத்த பக்கம் அலையலையாக நின்றது. ஒரு முழம் தையலைப் பிரித்து, தாள் கைக்கு இளஞ்சூடாக இருக்கும்போது மறுபடி தைத்தோம். சாயங்காலம் குளிர்ந்ததும் முரசுத்தோல் மாதிரி இழுத்துக்கொண்டது.

தையலின் மேல் கசிவை அடைக்கும் சீலண்ட் தடவி, ஒரு நாள் கூரையை மூடியே வைத்திருந்தேன். அப்புறம் ஹோஸ் பிடித்துப் பார்த்தேன். வலது கீழ்மூலையில் மட்டும் ஒரு சொட்டு; அங்கே இன்னொரு தடவை சீலண்ட். இப்போதெல்லாம் தண்ணீரும் மெத்தென்ற துணியும்தான். அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரை வினைலின் பக்கமே கொண்டுபோவதில்லை.

பின்னால் வரும் வண்டியின் நம்பரைக்கூட வாசிக்க முடிகிறது. இடது ஓரத்தில் மட்டும் விரல் நீளத்துக்கு ஒரு நீலக்கோடு. மச்சான் வண்டியில் ஏறும்போதெல்லாம் ரியர்வியூ கண்ணாடியைத் திருப்பி அதைத்தான் முதலில் பார்க்கிறான்.