வெயில் தேடி வந்தம், முதல்ல தேவைப்பட்டது ஒரு விலாசம்

நுவரெலியாவில நாங்கள் இருந்த வீட்டில உடுப்பு தோய்ச்சுப் போட்டா காயிறதுக்கு மூண்டு நாள் வேணும். மழைக்காலத்தில குசினியில அடுப்புக்கு மேல கயிறு கட்டி மகன்ர பள்ளிக்கூடச் சட்டையைக் காயப் போடுவன், காஞ்சாலும் அந்தப் பூஞ்சண மணம் போகாது, சுவரிலயும் அதே பூஞ்சணம்தான், எத்தினை தரம் துடைச்சாலும் ரெண்டு கிழமையில திரும்ப வந்திடும். அவனுக்கு மூண்டு வயசில முட்டு (ஆஸ்துமா) தொடங்கினது. இரவு ரெண்டு மணிக்கு நெஞ்சு இழுக்கத் தொடங்கும், கம்பளியால சுத்தி ஓட்டோ பிடிச்சு ஹொஸ்பிற்றலுக்குக் கொண்டோடி, நெபுலைஸ் பண்ணி விடிய வீட்டை வந்து, எட்டு மணிக்கு நான் வேலைக்குப் போகோணும். கிளினிக்கில டொக்டர் சொன்னது, குளிரும் ஈரமும் இவனுக்கு ஒத்துக்கொள்ளேல்லை, ஏலுமெண்டா காஞ்ச இடமாப் பாருங்கோ, ஆனா இடம் மாறினா வருத்தம் மாறிடும் எண்டு நினைச்சு பம்பை (இன்ஹேலரை) மட்டும் நிப்பாட்டிப் போடாதேங்கோ எண்டு. அந்த ரெண்டாவது வசனத்தையும் நான் இண்டைவரைக்கும் மறக்கேல்லை.

பிள்ளையின்ர தகப்பன் எங்களை விட்டுட்டுப் போய் அப்ப நாலு வருசம். கோட்டால வாற தாபரிப்புக் காசு ஒரு மாதம் வரும், மூண்டு மாதம் வராது. அதை நம்பிக் கணக்குப் போடக் கூடாது எண்டது மட்டும் சொல்லிப்போட்டு அந்தக் கதையை விடுறன்.

காஞ்ச இடம் எண்டு நாங்கள் வந்தது யாழ்ப்பாணத்துக்கு. அது என்ர சொந்த ஊர் எண்டு சொல்லலாம், ஆனா 1995 ஒக்ரோபர் கடைசியில சண்டையால சனம் முழுக்க ஊரை விட்டு வெளிக்கிட்ட அண்டைக்கு எனக்கு அஞ்சு வயசு. பிறகு வன்னி, கொழும்பு, கலியாணம் கட்டி நுவரெலியா. இஞ்ச எங்களுக்கெண்டு ஒரு காணித்துண்டும் இல்லை, அம்மான்ர ஒண்டுவிட்ட தங்கச்சி ஒராள் கொக்குவில்ல இருக்கிறா, அவ்வளவுதான் தொடர்பு. தனிய பிள்ளையோட இருக்கிற ரெண்டு பேர் இப்ப என்னட்ட போன் எடுத்து எப்பிடி வந்தனீங்கள் எண்டு கேட்டவை, அவைக்குச் சொன்னதைத்தான் இஞ்ச எழுதுறன்.

நான் விட்ட பெரிய பிழை, வேலையைத் தேடினா மிச்சமெல்லாம் தன்பாட்டில வரும் எண்டு நினைச்சது. உண்மையில இது ஒரு வட்டம். வீட்டுக்காரர் கேக்கிறது எங்க வேலை செய்யிறீங்கள் எண்டு. வேலை குடுக்கிறவை கேக்கிறது இஞ்ச எங்க இருக்கிறீங்கள், விதானையாரிட்ட (கிராம சேவையாளரிட்ட) கடிதம் இருக்கோ எண்டு. பள்ளிக்கூடத்தில கேக்கிறதும் விலாசத்துக்கு அத்தாட்சி. விதானையாரிட்டப் போனா, வீட்டுக்காரற்ற கடிதம் எங்க எண்டு கேப்பார். எங்கயாவது ஒரு இடத்தில அந்த வட்டத்தை வெட்டோணும், வெட்டுற இடம் வீடுதான்.

2023 மாசியில மகனைப் பக்கத்து வீட்டு அக்காட்ட விட்டிட்டு நான் மட்டும் வந்து நாலு நாள் நிண்டு வீடு பாத்தன். கண்டிக்கு ஒரு பஸ், அங்கயிருந்து ஏ9 றோட்டால இரவு பஸ். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி, கொக்குவில் பக்கம் கம்பஸ் (பல்கலைக்கழகப்) பிள்ளையள் வந்து தங்கிற இடம், ஒரு அறைக்கு ரெண்டு மூண்டு பேர் எண்டு குடுத்தா வீட்டுக்காரருக்கு வாடகை கூட வரும், ஒரு தாயையும் பிள்ளையையும் வைச்சிருக்க ஏன் யோசிக்கினம் எண்டு பிறகுதான் விளங்கினது. ஆனா காசு மட்டும் இல்லை. "ஆம்பிளை ஆர் இருக்கினம்?" எண்டுதான் படலையடியில முதல் கேள்வியே. ஒரு வீட்டில நான் இன்னும் உள்ளுக்குப் போகேல்லை, அந்த அம்மா வேலிக்கு அங்கால நிண்டு கொண்டே, "தனிப் பொம்பிளையளுக்குக் குடுத்தா ஊர் கதைக்கும் பிள்ளை, குறை நினையாதேங்கோ" எண்டா. குரல் தன்மையாத்தான் இருந்தது. ஆனா அண்டைக்கு இரவு சித்தி வீட்டில எனக்குச் சோறு இறங்கேல்லை.

கடைசியா ஒரு அனெக்ஸ், வீட்டோட ஒட்டின தனிப் பகுதி, கிடைச்சுது, ஆறு மாத வாடகை அட்வான்ஸ். அந்தக் காசில அரைவாசி சேமிப்பு, மற்றது நகை அடைவு வைச்சது. இதில ஒண்டு தெரிஞ்சு வைச்சிருங்கோ, ஈ.ரி.எவ் (ஊழியர் நம்பிக்கை நிதியம்) காசை வேலையை விட்டாப் பிறகு அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா எடுக்கலாம், ஈ.பி.எவ் (ஊழியர் சேமலாப நிதியம்) அப்பிடியில்லை, சாதாரணமா பொம்பிளையளுக்கு 50 வயசு வரவேணும். நான் ஈ.ரி.எவ் எடுத்துத்தான் பிறகு நகையை மீட்டனான்.

அனெக்ஸ்காரர் அக்ரிமென்ற் எழுதேக்க ஒரு கதை சொன்னவர், "விதானையிட்ட இந்த விலாசத்தில பதியக்கூடாது, வாக்காளர் இடாப்பிலயும் பேர் போடக்கூடாது" எண்டு. வாடகைக்கு இருக்கிறவை பேர் பதிஞ்சா பிறகு எழும்ப மாட்டினம் எண்ட பயம் கன வீட்டுக்காரருக்கு இருக்கு, அவையைக் குறை சொல்லேலாது. எனக்கு அப்ப அதின்ர பாரம் விளங்கேல்லை, தலையாட்டிப் போட்டு கையெழுத்து வைச்சிட்டன். சித்திரையில சாமானோட வந்து இறங்கின பிறகுதான் தெரிஞ்சது, பதிவு இல்லையெண்டா வதிவிட உறுதிப்பத்திரம் இல்லை, அது இல்லையெண்டா நற்சான்று இல்லை, பிரதேச செயலகத்தில மேலொப்பம் வைக்க அவைக்கு ஒண்டும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. ஒண்டரை மாதம் மகன் வீட்டில இருந்தவன். மூண்டாம் ஆண்டுப் பிள்ளை, எனக்கு முன்னால இருந்து பழைய கொப்பியைத் திருப்பித் திருப்பி எழுதிக் கொண்டிருப்பான்.

அந்த ஒண்டரை மாதத்தில சித்தி தேவாரம் படிக்கிற கூட்டத்தில கேட்டுக் கேட்டுப் பிடிச்சுத் தந்ததுதான் இப்ப இருக்கிற வீடு. கோண்டாவில்ல, எழுபது தாண்டின ஒரு அம்மா தனிய இருக்கிறா, பிள்ளையள் எல்லாம் கனடா. நாங்கள் பெரியம்மா எண்டுதான் கூப்பிடுறது. இந்த முறை நான் வாடகை கேக்க முதலே பதிவைக் கேட்டன். அவ வெத்திலைத் தட்டை அங்கால தள்ளி வைச்சிட்டு, "நீ இஞ்ச இருக்கிறது உண்மைதானே பிள்ளை, உண்மையை எழுத ஏன் பயம், பேப்பரைக் கொண்டு வா" எண்டா. கடிதம் சரியா மூண்டு வரி. கை நடுங்க நடுங்க எழுதினா, நான் பக்கத்தில நிண்டு பாத்துக் கொண்டு நிண்டனான். அந்தக் கடிதத்தின்ர போட்டோ கொப்பி ஒண்டு இப்பவும் என்ர ஃபைல்ல இருக்கு.

அதுக்குப் பிறகு எல்லாம் கெதியா நடந்தது. விதானையார் பழைய இடத்து கிராம சேவையாளரிட்ட இருந்து ஒரு கடிதம் கேட்டவர், அதை நான் வரேக்கயே வாங்கி வைச்சிருந்தன், நல்ல காலம். பள்ளிக்கூட விடுகைப் பத்திரம், பிள்ளையின்ர பிறப்புப் பத்திரம், தேர்ச்சி அறிக்கை, கிளினிக் கொப்பியோட பழைய டொக்டர் எழுதித் தந்த சுருக்கம், இதுகளையும் வெளிக்கிட முதலே எடுத்திடுங்கோ, ஒரு கடிதத்துக்காக திரும்ப அவ்வளவு தூரம் போறது காசும் நாளும் நாசம். பேர் போன பள்ளிக்கூடங்கள் ரெண்டில இடமில்லை எண்டிச்சினம், ஒழுங்கைக்கு அங்கால இருக்கிற சின்னப் பள்ளிக்கூடத்தில அதிபர் அடுத்த நாளே வரச் சொன்னவர். வகுப்பில பிள்ளையள் குறைவு, ரீச்சருக்கு இவன்ர பம்ப் எந்தப் பையில இருக்கு எண்டு தெரியும். எனக்கு அது போதும்.

வேலைக்கு உதயன், வலம்புரி ரெண்டையும் ஞாயிற்றுக்கிழமை வாங்கிப் பாப்பன், கச்சேரியில (மாவட்டச் செயலகத்தில) தொழில் சேவை நிலையத்திலயும் பதிஞ்சனான். நான் ஹோட்டல் கணக்குப் பாத்த ஆள், பன்ரண்டு வருச அனுபவம், ஏழு இன்ரவியூ போனன். அதில அஞ்சில கணக்கைப் பற்றிக் கேட்டதை விட பிள்ளையை ஆர் பாப்பினம் எண்டு கேட்டதுதான் கூட. முதல்ல அந்தக் கேள்விக்குத் தடுமாறுவன், பிறகு அவை கேக்க முதலே நானே சொல்லத் தொடங்கினன், பள்ளிக்கூடம் விட்டா பெரியம்மா இருக்கிறா, பின்னேரம் ரியூசன், வருத்தம் எண்டா மாதத்தில ஒரு நாள் லீவு கேப்பன், அதுக்குப் பதிலா மாதக் கடைசியில இரவு நிண்டு கணக்கு முடிச்சுத் தருவன் எண்டு. ஒரு ஹாட்வெயார் மொத்த வியாபாரக் கடை முதலாளி அதைக் கேட்டிட்டு அடுத்த திங்கள் வரச் சொன்னவர். சம்பளம் நுவரெலியாவில எடுத்ததை விடக் குறைவுதான். ஆனா சேர முதல் நான் கேட்டது அப்பொயின்மென்ற் லெற்றரும் ஈ.பி.எவ் நம்பரும். எங்கட சம்பளத்தில 8 வீதம், முதலாளி 12 வீதம், ஈ.ரி.எவ் 3 வீதம் அவை தனியாப் போடோணும். கன கடையில இதைப் பற்றிக் கதைக்காமலே கையில காசு தந்து விடுவினம், தனிய பிள்ளை வளக்கிற ஆக்கள் அதுக்குச் சம்மதிக்காதேங்கோ, எங்களுக்குப் பின்னால பிடிக்க வேற ஆள் இல்லை.

வெயிலைப் பற்றியும் சொல்லோணும். வந்த முதல் சனிக்கிழமை நான் தோய்ச்ச உடுப்பைக் கொடியில போட்டிட்டு சோறு வடிச்சுப் போட்டு வந்து பாக்கிறன், காற்சட்டை, துவாய், கம்பளி ஸ்வெற்றர் எல்லாம் மொறுமொறு எண்டு காஞ்சு போய்க் கிடக்கு. அந்தச் சட்டையை முகத்தில வைச்சு மணந்து பாத்தன். வெயில் மணம் மட்டும்தான். கொடிக்குக் கீழ நிண்டு அழுதிட்டன்.

ஆனா சித்திரை உச்ச வெயில் லேசில்லை. தலைக்கு நேர மேல நிக்கும், மத்தியானம் பிள்ளையை வெளியில விடேலாது, ஃபான் போடாமல் இருக்கேலாது, கரண்ட் பில்லில யூனிற் கூடக் கூட விலையும் படிப்படியா ஏறும், அதையும் வாடகையோட சேத்துக் கணக்குப் பாருங்கோ. தண்ணியும் அப்பிடித்தான், சுண்ணாம்புக்கல் நிலம், கேத்தில் அடியில ஒரு மாதத்தில வெள்ளைப் படை பிடிச்சிடும், சில பக்கம் கிணறு சவர் (உப்புத்தண்ணி). வீடு பாக்கப் போனா ஒரு கிளாஸ் தண்ணி வாங்கிக் குடிச்சுப் பாக்காமல் முடிவு சொல்லாதேங்கோ. அதோட இஞ்ச மழை முழுக்க ஐப்பசியில இருந்து மார்கழி வரைக்கும் கொட்டுறது, நான் மாசியில பாத்த காஞ்ச முற்றம் கார்த்திகையில எப்பிடி இருக்கும் எண்டு அயலாரிட்டக் கேட்டிருக்கோணும், அந்த முதல் அனெக்ஸ் ஒழுங்கையில முழங்கால் தண்ணி நிண்டதாம். மகனுக்கும் அந்த மாரியில ரெண்டு தரம் இழுத்தது, பின்னேரத்தில வளவுக்குள்ள குப்பை கொழுத்திற புகையும் அவனுக்கு ஆகாது. பெரிய ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு ஒழுங்காக் கொண்டு போறன், பம்ப் நிப்பாட்டேல்லை. ஆனா இரவில ஓட்டோ பிடிச்சு ஓடினது வந்த பிறகு ஒரே ஒருக்காத்தான். அங்க மாதத்துக்கு ரெண்டு தரம்.

பிறகு ஒரு நாள் விதானையார் வாக்காளர் படிவம் கொண்டந்து தந்தவர். பெரியம்மா தன்ர பேரை எழுதி முடிச்சிட்டு, உன்ர பகுதி வேற வாசல் வேற சமையல், நீ வேற படிவம் வாங்கு எண்டா. பிரதான குடியிருப்பாளர் எண்ட இடத்தில என்ர முழுப்பேரையும் எழுதினன். மகன் தோளுக்கு மேலால எட்டிப் பாத்து, "அம்மா என்ர பேர் எங்க?" எண்டு கேட்டான். 18 வயசு வரட்டும் எண்டன். விரலை மடிச்சு எண்ணிப் பாத்திட்டு, "இன்னும் பத்து வருசம் இஞ்சயேதானே இருப்பம்?" எண்டான். ஓம் எண்டு சொன்னன்.