வாரண்ட் ரத்தான பிறகும் வந்த போலீஸ்

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் நாங்கள் முன்பு குடியிருந்த வீட்டின் ஓனர் அக்கா ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி போன் செய்தார். "தம்பி, உன் பேரைச் சொல்லி ஒரு போலீஸ்காரர் வந்துட்டுப் போனாரு. கையில கோர்ட் காகிதம் இருந்துச்சு. என்னப்பா பிரச்சினை?" அக்காவின் குரலில் இருந்த பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. அந்த ராத்திரி நானும் மனைவியும் தூங்கவில்லை.

யோசித்துப் பார்த்தால் ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. எங்கள் சின்ன அச்சகத்துக்குப் பேப்பர் கொடுத்தவருக்கு நான் எழுதிய 1,80,000 ரூபாய் செக் திரும்பி, அவர் செக் திரும்பினால் வழக்குப் போடுகிற 138-ஆம் பிரிவில் (மாற்றுமுறை ஆவணச் சட்டம்) புகார் கொடுத்திருந்தார். அப்புறம் தவணை தவணையாக முழுப் பணத்தையும் கட்டினேன். "கேஸை நான் பார்த்துக்கறேன்" என்றார், நம்பினேன். அவர் வாபஸ் வாங்கவே இல்லை. இதற்குள் நாங்கள் கே.ஆர்.புரத்துக்குக் குடிவந்துவிட்டோம். சம்மன் பழைய விலாசத்துக்குப் போய்த் திரும்பியிருக்கிறது, அடுத்து ஜாமீனில் விடக்கூடிய வாரண்ட், அதற்கும் ஆள் இல்லை என்றதும் என்.பி.டபிள்யூ., அதாவது ஜாமீனில் விடாத பிடிவாரண்ட். செக் வழக்கு ஜாமீனில் விடக்கூடிய குற்றம்தானே, பிடிவாரண்ட் எப்படி வரும் என்று நானும் கேட்டேன். குற்றம் எப்படிப்பட்டதாக இருந்தாலும் ஆள் ஆஜராகாவிட்டால் வரலாம். பணத்தைக் கட்டியவர்கள் தயவுசெய்து அதோடு விட்டுவிடாதீர்கள். புகார் கொடுத்தவர் கோர்ட்டில் வந்து சொல்லும்வரை வழக்கு உயிரோடுதான் இருக்கும்.

சனிக்கிழமை காலையில், கோர்ட் வழக்குகளின் நிலையைக் காட்டும் ஈகோர்ட்ஸ் ஆப்பில் தேட உட்கார்ந்தேன். பெங்களூரில் மாஜிஸ்திரேட் கோர்ட்டுகள் நிருபதுங்கா ரோடு, மேயோ ஹால் என்று பிரிந்து கிடக்கின்றன. எந்த வளாகம், எந்த வருடம் என்று குறிப்பிட்டால்தான் பெயரைத் தேட முடியும். மூன்று மணி நேரம் தேடியும் ஞானசேகரன் என்ற பெயரில் என் வழக்கு வரவில்லை. வழக்கே இல்லை போல என்று மனசு கொஞ்சம் லேசானது. பக்கத்து வீட்டுப் பையன்தான் சொன்னான்: "அங்கிள், கன்னடத்துல ஞானத்தை 'ஜ்ஞான'ன்னுதான எழுதுவாங்க? ஆங்கிலத்துல 'ஜே, என்' போட்டுப் பாருங்க." போட்டதும் வந்தது. இனிஷியல் முன்னால் இல்லாமல் கடைசியில் இருந்தது, 'சேகரன்' வெறும் 'சேகர்' ஆகியிருந்தது. நம் பெயர்களை இங்கே எப்படியெல்லாம் எழுதுவார்களோ அப்படியெல்லாம் தேடிப் பாருங்கள். ஒருமுறை தேடிக் கிடைக்கவில்லை என்றால் வழக்கு இல்லை என்று அர்த்தமே இல்லை.

இன்னொன்று, என்னிடம் இருந்த பழைய காகிதத்தில் பி.சி.ஆர். நம்பர் இருந்தது. தனிநபர் புகார் முதலில் அந்த நம்பரில் பதிவாகும், கோர்ட் அதை விசாரணைக்கு எடுத்த பிறகு சி.சி. (கிரிமினல் வழக்கு) நம்பராக மாறிவிடும். பழைய நம்பரையே பிடித்துக்கொண்டிருந்தால் இன்றைய நிலை தெரியாது. வழக்குக்கென்று தனியாகத் தரும், கே.ஏ. என்று தொடங்கும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைக் கண்டுபிடித்தால் அதைப் பத்திரமாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை தெரிந்தவர் மூலமாக ஒருவர் வந்தார். பத்தாயிரம் கொடுத்தால் ஸ்டேஷனிலேயே வாரண்டைக் கிழித்துவிடலாம் என்றார். நல்லவேளை, வக்கீலைக் கேட்காமல் கொடுக்கவில்லை. வாரண்ட் போட்ட கோர்ட் ரத்து செய்யும்வரை, அல்லது ஆளைப் பிடித்து நிறைவேற்றும்வரை, அது செல்லும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 70(2), அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 72(2). ஸ்டேஷனில் யாராலும் அதை ஒன்றும் செய்ய முடியாது. என் வழக்கு பழையது என்பதால் வக்கீல் மனுவில் இரண்டு பிரிவுகளையும் எழுதினார்.

திங்கட்கிழமை பத்தரைக்கே போய் நின்றோம். வழக்கின் அடுத்த தேதிக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்ததால், வழக்கை அன்றைக்கே எடுத்துக்கொள்ளச் சொல்லி அட்வான்ஸ்மென்ட் மனு ஒன்று, வாரண்டை ரத்து செய்ய இன்னொன்று, கூடவே நான் ஏன் வரவில்லை என்பதற்குப் பிரமாணப் பத்திரம். வீடு மாறியதற்கு ஆதாரமாக வாடகை ஒப்பந்தத்தையும் பணம் கட்டிய வங்கி விவரத்தையும் இணைத்தோம். இதெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் வழக்குக் கட்டு இல்லை.

கிளார்க் பீரோவைத் திறந்து பார்க்கவே இல்லை. "ஊட்டா ஆத மேலே பன்னி" (சாப்பாட்டுக்கு அப்புறம் வாங்க) என்று கன்னடத்தில் சொன்னார். சாப்பாட்டு நேரம் முடிந்து போனோம். "நாளே பன்னி" (நாளைக்கு வாங்க) என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாரண்ட் தலைமேல் இருக்கிறது, நாளைக்கு வா என்கிறார்! வெளியே வராந்தாவில் எந்தக் காக்கிச் சட்டையைப் பார்த்தாலும் வயிறு கலங்கியது. செவ்வாய்க்கிழமை வக்கீலின் ஜூனியர் பெண்தான் கிளார்க்கிடம் கெஞ்சாமல், அதட்டாமல், கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். வேறு ஒரு தேதியின் அடுக்கில் சொருகி வைத்திருந்தார்கள்.

அன்று உள்ளே என் பெயரைக் கூப்பிட்டதே எனக்குப் புரியவில்லை. "ஜ்ஞானசேகர்" என்று இரண்டு தடவை கூப்பிட்ட பிறகு ஜூனியர் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். நீதிபதி வாடகை ஒப்பந்தத்தைப் புரட்டினார். "விலாசம் மாறினதும் கோர்ட்டுக்குச் சொல்லணும் இல்லையா?" என்று கன்னடத்தில் கேட்டார். தப்புதான் என்றேன். 500 ரூபாய் அபராதம், வாரண்ட் ரத்து, ஒரு ஜாமீன்தாரர். மொத்தமே மூன்று நிமிடம் இருக்கும்.

ஜாமீன்தாரராக என் மச்சினன் வந்திருந்தார், கத்தாவும் (சொத்து யார் பெயரில் என்று காட்டும் காகிதம்) வரி கட்டிய ரசீதும் கையில். ஆதாரில் அப்பா பெயரை விரித்து எழுதியிருக்கிறது, கத்தாவில் வெறும் இனிஷியல். இரண்டு பேரும் ஒரே ஆள் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று நிறுத்திவிட்டார்கள். அலைந்து நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கி வர நாலு மணி ஆகிவிட்டது. ஜாமீனுக்கு யாரைக் கூட்டிப்போனாலும் முந்தின நாளே இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

முடிந்தது என்றுதான் வீட்டுக்கு வந்தோம். ஒன்பதாவது நாள் அக்காவிடமிருந்து மறுபடி போன். அதே போலீஸ்காரர், அதே காகிதம். இந்தத் தடவை அக்காவின் மகனிடம் என் புது விலாசத்தைக் கேட்டிருக்கிறார்.

எனக்குக் கோபம் தாங்கவில்லை. ஆனால் அவர்மேல் தப்பில்லை. கோர்ட் ரத்து செய்தால் அந்தத் தகவல் ஸ்டேஷனுக்குக் கடிதமாகப் போக வேண்டும். போகவில்லை. ஸ்டேஷனைப் பொறுத்தவரை நான் இன்னும் தேடப்படுகிற ஆள்தான். உத்தரவு வந்த அன்றே சான்றிட்ட நகலுக்கு மனுப் போடச் சொல்லி ஜூனியர் சொல்லியிருந்தார். நோட்டரி அலைச்சலில் நான்தான் விட்டுவிட்டேன். அந்த மனுவைப் போட்டு, நகல் கையில் வர இன்னும் ஆறு நாள். அந்த ஆறு நாளும் அச்சகத்துக்குப் பின்வாசல் வழியாகப் போய்வந்தேன். நீங்கள் அதே நாளில் மனுப் போட்டுவிடுங்கள். நகல் வரும்வரை ஈகோர்ட்ஸில் அன்றைய நடவடிக்கை ஏறியதும் அதையாவது பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்திருங்கள்.

நகல் கிடைத்ததும் ஜூனியரையும் அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். உங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷன் இல்லை, வாரண்டில் எழுதியிருக்கிற விலாசத்துக்குரிய ஸ்டேஷன். வாரண்ட் பார்க்கிற கான்ஸ்டபிள் ஒரு நீளமான நோட்டை எடுத்து, விரலை மேலிருந்து கீழே ஓட்டி, என் பெயரில் நிறுத்தினார். பக்கத்திலிருந்த கட்டத்தில் சிவப்பு மையில் கன்னடத்தில் ஏதோ எழுதி, தேதி போட்டார். என்ன எழுதியிருக்கிறது என்று ஜூனியரைப் படிக்கச் சொன்னேன். "வாரண்ட் ரத்து, கோர்ட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது" என்றார். என் பிரதியில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை கேட்டேன், முகம் சுளிக்காமல் போட்டுக்கொடுத்தார்.

அடுத்த தேதியில் புகார் கொடுத்தவர் வந்து சமரசக் குறிப்பில் கையெழுத்துப் போட்டார், அதே சட்டத்தில் சமரசத்துக்கான 147-ஆம் பிரிவில் வழக்கு முடிந்தது. ஆனால் எனக்கு மூச்சு வந்தது ஸ்டேஷன் வாசலில்தான். அங்கேயே நின்று அக்காவுக்குப் போன் செய்தேன். "இனிமே யாரும் வரமாட்டாங்கக்கா" என்றேன். "சீல் போட்டுக் குடுத்தாங்களா? எனக்கும் ஒரு ஜெராக்ஸ் குடுத்துட்டுப் போ தம்பி, வந்தா காட்டுறேன்" என்றார். கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.