பாதி உயரத்துப் பாதுகாப்பு

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ஷூ கம்பெனியில் ஏற்றுமதிப் பேப்பர்கள் போடுவது என் வேலை. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், அட்டைப்பெட்டி ஸ்டிக்கர். ஒரே ஆங்கில வார்த்தையைத் திரும்பத் திரும்ப எழுதினால் அசிங்கம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது இன்னும் மண்டைக்குள் இருக்கிறது. அதனால்தான் போன மாதம் ஒரு ஆர்டரின் ஸ்டிக்கரில் 'சேஃப்டி' ஏற்கெனவே இரண்டு முறை வந்துவிட்டதே என்று, மூன்றாவது இடத்தில் 'புரொடெக்டிவ் ஃபுட்வேர்' என்று போட்டேன். இரண்டும் பாதுகாப்புதானே.

மாதிரியை அனுப்பிய மறுநாளே வாங்குகிறவரிடமிருந்து மெயில்: பெட்டிக்குள் இருப்பது எந்த ஷூ? அதற்குள் அவசரப்பட்டு இரண்டு ரோல் அச்சடித்தும் ஆகிவிட்டது.

டெஸ்டிங் ரூம் அண்ணனிடம் போனேன். "இன்னாம்மா எழுதி வெச்சிருக்க? அது வேற ஷூ" என்றார். அப்புறம் செய்தே காட்டினார். ஷூவின் முன்பகுதியை வெட்டி எடுத்து, விரல் மூடும் இரும்புக் கவசத்துக்கு அடியில் களிமண் உருளை ஒன்றை நிறுத்தினார். 20 கிலோ எடை சுமார் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தடாலென்று விழுந்தது. அந்த அடியின் ஆற்றல்தான் 200 ஜூல். களிமண்ணை எடுத்து, நசுங்கியது போக நிற்கும் உயரத்தை அளந்தார். 42 சைஸ் என்றால் 14 மில்லிமீட்டராவது மிஞ்ச வேண்டும். கட்டைவிரல் பிழைப்பது அந்த இடுக்கில்தான்.

இது ஐஎஸ்ஓ 20345 என்ற சர்வதேசத் தர எண், சேஃப்டி. அடுத்த எண் 20346, புரொடெக்டிவ். அதற்கு 100 ஜூல் போதும், அதாவது பாதி உயரம். 20347 ஆக்குபேஷனல், அதற்குக் கவசமே கட்டாயமில்லை. தமிழில் மூன்றையும் நான் பாதுகாப்புக் காலணி என்றே எழுதியிருப்பேன்.

அன்று ராத்திரி அகராதியோடு உட்கார்ந்தேன். புரொடெக்ட் என்றால் லத்தீனில் முன்னால் மூடுவது. டிஃபெண்ட் என்றால் அடித்து விரட்டுவது. வயலுக்குப் போடுகிற ஃபென்ஸ் கூட டிஃபென்ஸின் தலையை வெட்டியது போக மிஞ்சியதுதானாம். கார்டும் வார்டும் ஒரே பழைய வார்த்தை. பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்தது கார்ட் ஆகிவிட்டது. நாளுக்கு நாலு தடவை யாராவது "எந்த வார்டு?" என்று கேட்கிற வேலூரில் இருந்துகொண்டு இது தெரியாமல் இருந்திருக்கிறேன்.

சும்மா சொல்லக்கூடாது, நம் கோட்டை ஒன்றிலேயே எல்லாம் இருக்கிறது. அகழி டிஃபெண்ட் பண்ண வெட்டியது. 1799க்குப் பிறகு உள்ளே வைக்கப்பட்ட திப்புவின் குடும்பத்தைச் சுற்றி நின்றது கார்ட். இன்று தொல்லியல் துறையின் பலகையில் இருப்பது புரொடெக்டட். தமிழிலும் அரண், காவல், காப்பு என்று தனித்தனியாகத்தான் வைத்திருந்தோம். ஆபீஸ் தமிழ்தான் எல்லாவற்றையும் பாதுகாப்பு என்று ஒரே சாக்கில் கட்டிவிட்டது.

சரி, ஸ்டிக்கர் புதிதாக அடித்தாயிற்று, சேஃப்டி மூன்று முறை. வீணான ஒரு ரோல் வீட்டுக்கு வந்தது. என் பையன் அதைக் கிழித்து, அப்பா பார்க்கக்கூடாத கணக்கு நோட்டின் மேல் ஒட்டியிருக்கிறான்.