அம்மாவுக்கு காலரா: ஊசிக்கு அலையாதீங்க, மொதல்ல ஓ.ஆர்.எஸ் (உப்பு-சீனிக் கரைசல்) குடுங்க

அம்மா இன்னைக்குத்தான் எந்திரிச்சு உக்காந்து கஞ்சி குடிச்சுச்சு, அதுக்கப்புறம்தான் எனக்கு எழுதவே தெம்பு வந்துச்சு. நாங்க தொண்டிக்கு தெக்க, கடலோரம். எங்க தோண்டுனாலும் உப்புத்தண்ணி, குடிக்க காவிரித் தண்ணி கொழாய்தான், அது வராத நாள்ல டிராக்டர் தண்ணிய குடத்துக்கு காசு குடுத்து வாங்கணும்.

விடியக்காலம் பேதி ஆரம்பிச்சுச்சு, காய்ச்சல் இல்ல, அரிசி களைஞ்ச தண்ணி மாதிரி போயிக்கிட்டே இருக்கு, மத்தியானத்துக்குள்ள கண்ணு குழி விழுந்து கெண்டைக்கால் இழுத்துக்கிருச்சு. பக்கத்து கிளினிக்குக்கு தூக்கிட்டுப் போனா ஒரு ஊசி, பேதிய நிறுத்துற மாத்திரை, "தண்ணி குடுக்காதீங்க, இன்னும் போகும்"னு சொல்லி அனுப்பிட்டாங்க. நெனச்சா இப்பவும் வயிறு எரியுது. காலரால ஒடம்புத் தண்ணியும் உப்பும் வெளிய போயித்தான் ஆள் சாகுறது, முத்திப்போனா சில மணி நேரம்தான், அதுல தண்ணி குடுக்காதன்னா எப்படிங்க?

தெரு நர்சக்கா வந்து வயித்துத் தோல கிள்ளிவிட்டுச்சு, மடிப்பு அப்படியே நின்னுச்சு, ஒடம்புல தண்ணி வத்திப்போனதுக்கு அதுதான் அடையாளம். "108க்கு போன் போடுங்க, வண்டி வர்ற வரைக்கும் ஓ.ஆர்.எஸ்ஸ நிறுத்தாதீங்க"ன்னுச்சு. 1 லிட்டர் பாக்கெட்ட 1 லிட்டர் கொதிச்சு ஆறுன தண்ணில முழுசா கரைக்கணும், டம்ளர்ல கொஞ்சம் கொட்டிக் கலக்கக்கூடாது. வாந்தி எடுத்தா 10 நிமிஷம் விட்டு கரண்டி கரண்டியா குடுங்க. பாக்கெட் இல்லையா, 1 லிட்டருக்கு தலைதட்டி 6 டீஸ்பூன் சீனி, அரை டீஸ்பூன் உப்பு.

ஜி.ஹெச்ல மலம் டெஸ்டுக்கு எடுத்துட்டு, ரெண்டு கையிலயும் ஆர்.எல்ங்குற உப்புத்தண்ணி பாட்டில் ஏத்துனாங்க, கிருமிய கொல்ற டாக்சிசைக்ளின் மருந்து குடுத்தாங்க. ராத்திரி அம்மா மூத்திரம் போனதும்தான் டாக்டர் மொகமே தெளிஞ்சுச்சு.

அடுத்த பாடு தண்ணி ஆபீஸ்ல. சாக்கடைக்குள்ள ஓடுற கொழாய் உடைஞ்சிருக்கு, தண்ணி நிக்கிற நேரம் சாக்கடைய உள்ள இழுக்குதுன்னு சொன்னா, கிளார்க்கு "காலரான்னு ரிப்போர்ட் இருக்கா"ங்குறாரு. ரிப்போர்ட் வர்றதுக்குள்ள தெருவே படுத்துரும். போட்டோவோட மனு எழுதி, முத்திரை வாங்கி, நகல கையில வச்சுக்கிட்டோம், அதுக்கப்புறம்தான் ஆளு அசைஞ்சுச்சு. சுகாதார ஆய்வாளர் வந்து தெருக்கோடி கொழாய் தண்ணில மருந்து சொட்டு விட்டாரு, குளோரின் இருந்தா மஞ்சளாகும், எங்க தண்ணி வெள்ளையாவே நின்னுச்சு. எல்லார் கண்ணு முன்னாடியும் நின்னுச்சு, அதுக்கு மேல யாரும் ரிப்போர்ட் கேக்கல.

உடைப்ப அடைச்சுட்டாங்க. கடைசி கொழாய்ல மஞ்சள் வர்ற வரைக்கும் கொதிக்க வச்சுத்தான் குடிக்கிறோம், டிராக்டர் தண்ணியையும் சேத்துத்தான்.